பழைய பெர்ஃபாமன்ஸ் கார்களின் கோளாறுகள்: அறிகுறியைக் கொண்டு காரணத்தைக் கண்டறியும் வழி

இரண்டு கதவு கூபே மீதான ஆசைக்குக் கொங்கு நாட்டில் ஒருபோதும் குறைவில்லை, கார்தான் கிடைத்ததில்லை. டொயோட்டா செலிகா, ஹோண்டா பிரிலூட் போன்ற 80, 90களின் ஜப்பானிய கூபேக்கள் இந்தியாவில் முறையாக விற்பனைக்கே வரவில்லை. தயாரிக்கப்பட்டு மூன்று ஆண்டுகளைத் தாண்டிய காரை இறக்குமதி செய்வதற்கு விதி இடம் தராததால், பின்னாளில் தருவித்துக்கொள்ளும் வழியும் அடைபட்டது. கோவாவில் தயாரான சான் ஸ்டார்ம் பார்வைக்கு அழகான இரட்டை இருக்கைக் கார் என்றாலும், அதிலிருந்தது ரெனோவின் 1.2 லிட்டர் இன்ஜின். திறன் ஏறத்தாழ 60 குதிரைத்திறன்தான். ஆகவே குறைந்த விலையில் வேகமான பழைய கார் வேண்டுவோர் 2000ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் வந்த நான்கு கார்களையே பெரும்பாலும் தேடுகிறார்கள்: 106 குதிரைத்திறன் கொண்ட ஹோண்டா சிட்டி 1.5 விடெக், 100 குதிரைத்திறன் கொண்ட ஃபியட் பாலியோ 1.6, ஃபோர்டு ஐகான் 1.6, டர்போவுடன் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) 150 குதிரைத்திறன் தரும் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்.

இவற்றில் பல, “இன்ஜின் வேலை இருக்குதுங்க” என்ற ஒரே வாக்கியத்தால் விலை குறைந்து கைமாறுகின்றன. அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் அவசரத் தீர்ப்பு என்பதே என் கருத்து. இருபது ஆண்டுகளைக் கடந்த காரில் முதலில் சாவது ரப்பரும், ஈயப்பற்றும் (மின்பலகையின் சால்டரிங்), எர்த் இணைப்பும்தான். பிஸ்டனும் அதைச் சுற்றிய ரிங்கும் அதற்கு வெகு பின்னால்தான் வரிசைக்கு வருகின்றன. எனவே கோளாறு எப்போது வருகிறது (குளிர்ந்த நிலையிலா, சூட்டிலா, மலையேற்றத்திலா, மழையிலா) என்பதை முதலில் உறுதிசெய்து, அடுத்து அளந்து பார்த்து, அதன் பிறகே பாகத்தை மாற்ற வேண்டும். ஒரு மல்டிமீட்டர், சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ், இன்ஜின் காற்றை உறிஞ்சும் வெற்றிடத்தை அளக்கும் வேக்குவம் கேஜ் ஆகிய மூன்றும் இருந்தால் கீழே சொல்லப்படும் சோதனைகளில் பெரும்பாலானவற்றை வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம்.

சோதனைக்கு முன் செய்ய வேண்டியவை

சிட்டி, பாலியோ, ஆக்டேவியா மூன்றிலும் வால்வுகளைப் பிஸ்டன்களோடு ஒத்திசைவாக இயக்கும் டைமிங் பெல்ட் உண்டு. அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும். முந்தைய உரிமையாளர் “போன வருசந்தானுங்க மாத்துனேன்” என்று சொல்வதை பில் இல்லாமல் ஏற்கக் கூடாது. பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் ஒரே வேலையாக மாற்றிவிட்டே மற்றவற்றைத் தொட வேண்டும். ஆக்டேவியாவில் பிளாஸ்டிக் இறக்கை கொண்ட பம்ப் இருந்தால் உலோக இறக்கை கொண்டதைப் போடுவது நல்லது. ஐகானில் இருப்பது செயின். அதில் சத்தத்தைக் கேட்டு முடிவெடுத்தால் போதும்.

முந்தைய உரிமையாளர் கூட்டிய அலங்காரங்களைக் கழற்றுவதும் இந்தக் கட்டத்திலேயே நடக்க வேண்டும். திறந்த ஏர் ஃபில்டர், இன்ஜின் கம்ப்யூட்டரின் கட்டளைகளை மாற்றும் பெயர் தெரியாத பிக்கி பேக் சிப், பம்பருக்கு அடியில் தொங்கும் அகலக் குழாய் சைலன்சர் ஆகியவை இருக்கும்வரை எந்த அளவையும் நம்ப முடியாது. கார் முதலில் கம்பெனி நிலைக்குத் திரும்பட்டும்.

சூடான பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை

காலையில் முதல் சாவியிலேயே உயிர்பெறும் கார், ஈரோட்டுச் சித்திரை வெயிலில் அரை மணி நேரம் நின்ற பிறகு ஸ்டார்ட்டர் சுற்றியும் பிடிக்காமல் போனால், அது இன்ஜின் கோளாறு அன்று. 90களின் வடிவமைப்பில் வந்த ஹோண்டாக்களில் இதற்கு முதற்குற்றவாளி, டாஷ்போர்டுக்கு அடியில் பொருத்தப்பட்டுள்ள மெயின் ரிலே. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பம் ஏறும்போது, ரிலேயின் உள்ளே இருக்கும் சிறு பலகையில் ஈயப்பற்று விரிந்து இணைப்பு விட்டுப்போகிறது. கார் ஆறியதும் தானே சேர்ந்துகொள்கிறது. மெக்கானிக் வந்து பார்க்கும் நேரத்தில் கார் நல்லபடியாக ஓடுவதற்கும் இதுவே காரணம்.

சோதனை எளிது. ரேடியோவையும் ஏசியையும் அணைத்துவிட்டு, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பிப் பின்னிருக்கைப் பக்கம் காதைக் கொடுக்க வேண்டும். பெட்ரோல் பம்ப் இரண்டு நொடி ரீங்கரித்து நிற்க வேண்டும். குளிர்ந்த நிலையில் அந்த ரீங்காரம் கேட்டு, கோளாறு நேரத்தில் கேட்காமல் போனால் ரிலேவைக் கழற்றலாம். மூடியைத் திறந்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடியால் ஒவ்வொரு பின்னின் அடியையும் பார்த்தால், பளபளப்பான ஈயப்பொட்டின் நடுவே பின்னைச் சுற்றி முடி அளவு கருப்பு வளையம் தெரியும். விரிசல் அதுதான். எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்க்கும் எந்தக் கடையிலும் பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதிதாகப் பற்றவைத்துத் தருவார்கள். பழைய ஈயத்தின் மேலேயே ஒரு சொட்டு வைத்தால் சில மாதங்களில் கோளாறு திரும்பிவிடும்.

பம்ப் ரீங்கரித்தும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், சாவியை மூன்று முறை ஆன் செய்து ஆஃப் செய்துவிட்டு முயல வேண்டும். அப்போது உடனே பிடித்தால், நிறுத்திய பிறகு லைனில் அழுத்தம் தங்கவில்லை என்று பொருள். பம்பின் செக் வால்வையோ கசியும் இன்ஜெக்டரையோ சந்தேகிக்கலாம். ஆக்டேவியாவில் பார்வை வேறு இடத்துக்குச் செல்ல வேண்டும். அதில் கூலன்ட் வெப்ப சென்சார் பழுதாகி, சூடான இன்ஜினைக் குளிர்ந்தது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிப் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றவைப்பது பரவலான கோளாறு. காரின் கம்ப்யூட்டரோடு இணைத்துப் படிக்கும் ஸ்கேனரில் காட்டும் வெப்பநிலையை மீட்டர் முள்ளோடு ஒப்பிட்டால் பொய் வெளிப்படும். இன்ஜின் சுழற்சியை உணரும் கிராங்க் சென்சார் சூட்டில் மட்டும் செயலிழப்பது அடுத்த சந்தேகம்.

இன்ஜின் சூடேறுகிறது

இந்த அறிகுறிக்கு அதிக இடம் ஒதுக்குவதற்குக் காரணம் உண்டு. நம் பகுதியில் இவ்வகைக் கார்களின் உயிரை அதிகம் வாங்கியது வேகமும் பந்தயமும் அல்ல, ரேடியேட்டருக்குள் போன போர் தண்ணீர்தான். திருப்பூர், அவிநாசி, பல்லடம் வட்டாரத்தில் ஆழ்குழாய் நீரில் உப்பு கூடுதல். அந்த நீரைக் கூலன்ட்டுக்குப் பதிலாக ஊற்றி ஓட்டிய காரில், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் சுண்ணாம்பு படிந்து பாதையே சுருங்கிவிடுகிறது. சிறுவாணி நீர் மென்மையானது என்பதால் கோவைக்காரர்கள் தப்பித்துவிட்டதாக எண்ணத் தேவையில்லை. துருத்தடுப்பு மருந்து இல்லாத எந்த நீரும் இன்ஜினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட்டை அரிக்கும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் சரிபாதி என்பதே சரியான கலவை.

சூடேறும் இடத்தைக் கொண்டே காரணத்தைப் பாதி கண்டுபிடித்துவிடலாம். காந்திபுரம் சிக்னலில் முள் ஏறி, அவிநாசி சாலையில் வேகம் எடுத்ததும் இறங்கினால் ரேடியேட்டர் ஃபேனைப் பார்க்க வேண்டும்: ஃபேன் சுவிட்ச், ரிலே, ஃபியூஸ், மோட்டார் என்ற வரிசையில். ஏசி போட்டதும் ஃபேன் சுழன்று, ஏசி இல்லாமல் சுழலவில்லை என்றால் மோட்டார் நல்லது, சுவிட்ச்தான் பழுது. இதற்கு நேர்மாறாக, நகரத்தில் சரியாக இருந்து சேலம் நெடுஞ்சாலையின் தொடர் வேகத்தில் முள் ஏறினால் அடைபட்ட ரேடியேட்டர், தேய்ந்த பம்ப் இறக்கை, உள்நோக்கிச் சப்பிப்போகும் கீழ் ஹோஸ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எங்கும் எப்போதும் ஏறினால், சூட்டுக்கு ஏற்பக் கூலன்ட்டின் பாதையைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட். ஐகானில் தெர்மோஸ்டாட்டைத் தாங்கும் பிளாஸ்டிக் கூடு விரிசல் விட்டுச் சொட்டுச் சொட்டாகக் கூலன்ட்டை இழப்பது அந்த இன்ஜினின் பிறவிக் குணம். சொட்டு தரையில் விழும் முன்பே சூட்டில் ஆவியாகிவிடுவதால், இணைப்பைச் சுற்றி வெள்ளையாகவோ வண்ணமாகவோ உலர்ந்த தடம் இருக்கிறதா என்று தேட வேண்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டும் வழக்கம் இங்கே அதிகம். அது கோளாறை மறைக்குமே தவிர நீக்காது.

ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கெட் போய்விட்டதா என்பதற்குத் தனிச் சோதனைகள் உண்டு. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடங்களுக்குள், வெப்பமே ஏறாத நிலையில், மேல் ஹோஸ் கல்லாக இறுகுவது; ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஓடவிட்டால் குமிழிகள் இடைவிடாது வருவது; ஆயில் மூடிக்கு அடியில் மோர் நிறப் படிவு காணப்படுவது. இவற்றில் இரண்டு சேர்ந்தால் ஹெட்டை இறக்கலாம். இந்தச் சோதனைகள் குளிர்ந்த இன்ஜினில் மட்டுமே செய்யத்தக்கவை. சூடான ரேடியேட்டர் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது.

இறக்கிய ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்க, நேராக ஃபேஸிங்குக்குக் கொடுத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அடிப்பரப்பைச் சுத்தமாகத் துடைத்து, நேர்விளிம்புக் கட்டையை நீளவாக்கிலும் இரு மூலைவிட்டங்களிலும் வைத்து, இடைவெளியில் ஃபீலர் கேஜின் மெல்லிய அளவுத் தகடுகளைச் செருகிப் பார்க்க வேண்டும். 0.05 மில்லிமீட்டர் தகடு எங்கும் நுழையவில்லை என்றால் சிட்டியின் ஹெட்டுக்கு ஃபேஸிங் தேவையே இல்லை, 0.05 முதல் 0.2 வரை இருந்தால் சீவலாம். ஆனால் மொத்தமாக 0.2க்கு மேல் சீவக் கூடாது. முன்பே ஒருமுறை சீவிய ஹெட்டாக இருக்கக்கூடும் என்பதால் உயரத்தை அளந்த பிறகே மெஷினில் ஏற்றச் சொல்ல வேண்டும். பம்ப்செட் தொழிலால் வளர்ந்த கணபதி, ஆவாரம்பாளையம் பக்கத்து லேத் பட்டறைகளில் துல்லியத்துக்குக் குறைவில்லை. எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியது கொண்டுபோகிறவர் பொறுப்பு.

மலையில் இழுக்கவில்லை, மேல் வேகத்தில் உதைப்பு வரவில்லை

முதலில் ஓர் எச்சரிக்கை. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவதால், டர்போ இல்லாத எந்த இன்ஜினும் தன் திறனில் ஏழில் ஒரு பங்கை இழப்பது இயல்பு. மலை உச்சியில் பிக்கப் இல்லை என்று கவலைப்படுமுன், அடிவாரத்திலும் அதே குறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சிட்டி விடெக்கில் உயர் ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கான இன்ஜின் சுழற்சி) இரண்டாவது மூச்சு வராமல் போனால், முதலில் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்க்க வேண்டும். உயர் சுழற்சியில் வால்வுகளைக் கூடுதலாகத் திறக்கும் விடெக் அமைப்பு ஆயில் அழுத்தத்தால் இயங்குவது; ஆயில் அளவு குறைந்தாலோ, தேவைக்கு மீறிய கனமான ஆயில் ஊற்றப்பட்டிருந்தாலோ, இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராவிட்டாலோ அது வேலை செய்யாது. ஆயில் சரி என்றால், ஹெட்டின் பக்கவாட்டில் இருக்கும் சோலனாய்டின் (மின்சாரத்தால் ஆயில் பாதையைத் திறக்கும் வால்வு) மின்தடையை அளக்க வேண்டும். 14 முதல் 30 ஓமுக்குள் இருக்க வேண்டும். அதுவும் சரி என்றால் அதைக் கழற்றி, அடியில் இருக்கும் சிறு வலையைப் பார்க்க வேண்டும். ஆயில் மாற்றாமல் ஓட்டிய காரில் அந்த வலை கருப்புப் பசையால் அடைபட்டிருக்கும். கழுவி, புதிய கேஸ்கெட்டுடன் மாட்டினால் போதும்.

ஆக்டேவியாவில் இதே அறிகுறி டர்போ காற்றுக் கசிவையே பெரும்பாலும் காட்டும். மிகுந்த டர்போ அழுத்தத்தைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வின் உள்ளே இருக்கும் ரப்பர்த் தோல் கிழிவதும், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் இணைப்புகள் தளர்வதும் வழக்கம். புகை விட்டுச் சோதித்தால் கசியும் இடம் கண்ணுக்கே தெரியும். புதிய டர்போ வாங்கச் சொல்பவரிடம் இந்தச் சோதனையைச் செய்தாரா என்று கேட்பது தவறாகாது.

எந்தக் காராக இருந்தாலும், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைபட்டிருப்பதைக் கண்டுபிடிக்க வேக்குவம் கேஜ் உதவும். நல்ல இன்ஜின் ஐடிலில் கடல்மட்டத்தில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) காட்டும். கோயம்புத்தூர் சுமார் 411 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே ஓர் அங்குலத்துக்குச் சற்று மேலாகக் குறைத்துப் படிக்க வேண்டும். 2,500 ஆர்பிஎம்மில் நிலையாகப் பிடித்திருக்கும்போது முள் மெல்ல மெல்லச் சரிந்துகொண்டே போனால், புகை வெளியேற வழியில்லை என்று பொருள்.

புகை

நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். ஆனால் அது எப்போது வருகிறது என்பதைப் பொறுத்துச் செலவு பத்து மடங்கு வேறுபடும். வால்பாறையிலிருந்து ஆழியாறு நோக்கி நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரில் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் இறங்கி வந்து, சமதளத்தில் அழுத்தும் கணத்தில் பின்னால் வருபவருக்கு ஒரு நீல மேகம் தெரிந்தால் வால்வு சீலே காரணம். இறக்கத்தில், இன்ஜினுக்குள் காற்று செல்லும் மேனிஃபோல்டில் வெற்றிடம் மிகுந்து, இறுகிய சீல்களின் வழியே ஆயிலை உறிஞ்சியிருக்கும். இரவு முழுக்க நின்ற கார் காலையில் ஒருமுறை மட்டும் புகைவிடுவதும் இதே இனம். இதற்கு இன்ஜினைப் பிரிக்கத் தேவையில்லை. ஹெட்டை இறக்காமலே சீல் மாற்றத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

அதற்கு மாறாக, நேர்ச்சாலையில் முழுதாக அழுத்தும்போது தொடர்ந்து நீலம் வந்தால் ரிங்கைச் சந்தேகிக்கலாம். ஆயினும் முதலில், இன்ஜினின் அடியில் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வைச் சுத்தம் செய்து பார்க்க வேண்டும். பிறகு எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்தியபடி கம்ப்ரஷன் எடுக்க வேண்டும். நான்கு சிலிண்டர்களுக்கிடையே இரண்டு பாருக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளந்தால், அளவு உயர்ந்தால் ரிங், உயராவிட்டால் வால்வு. “பிரிச்சுப் பாத்தாத்தானுங்க தெரியும்” என்பதற்கு இந்தச் சோதனையே பதில்.

கருப்புப் புகை பெட்ரோல் கூடுதலாவது. ஆக்சிஜன் சென்சாரையும் முன்பு சொன்ன வெப்ப சென்சாரையும் பார்த்தால் போதும்.

மிஸ்ஸிங்

மழையிலும் பனிக்காலையிலும் மட்டும் மிஸ்ஸிங் (ஏதோ ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு எரியாமல் போவது) வந்தால் பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி ஆகியவை. இருட்டில் பானட்டைத் திறந்து, வயர்களின் மேல் நீர் தெளித்துப் பார்த்தால் நீலப் பொறி தாவும் இடம் தெரியும். கையை மட்டும் தள்ளி வைத்திருக்க வேண்டும். ஆக்டேவியாவில் ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில். அவை அடிக்கடி போவது உலகறிந்த செய்தி. ஸ்கேனர் இரண்டாவது சிலிண்டர் என்று சொன்னால், அந்தக் காயிலை மூன்றாவதோடு மாற்றிப்போட வேண்டும். கோளாறும் மூன்றாவதுக்கு இடம்பெயர்ந்தால் காயில்தான். பெயராவிட்டால் பிளக்கும் இன்ஜெக்டரும்.

காரணமே இல்லாமல் வந்துபோகும் மிஸ்ஸிங்குக்கு எர்த்தைப் பார்ப்பவர் மிகக் குறைவு. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து, உதவிக்கு ஒருவரை ஸ்டார்ட்டர் சுற்றச் சொல்ல வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டை அரித்துவிட்டது. சில நூறு ரூபாய் வேலை.

பெட்ரோல் வாடை, கூடும் செலவு

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. மேற்சொன்ன நான்கு கார்களும் அந்தக் கலவைக்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. எத்தனாலில் ஒரு லிட்டருக்கான ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால், மைலேஜ் சற்றுக் குறைவதைக் கோளாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் பழைய ரப்பர் ஹோஸ்கள் இறுகி வெடிப்பது உண்மையான ஆபத்து. பானட்டைத் திறந்ததும் வாடை வந்தால், ஹோஸ்களை வளைத்து வெடிப்புத் தேடி, இன்ஜெக்டர்களின் ஓ-ரிங்குகளையும் சேர்த்து எத்தனால் தாங்கும் வகையாக மாற்றும்வரை காரை ஓட்டக் கூடாது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் தன்மை உடையது. ஞாயிறு மட்டும் எடுக்கும் காரில் டேங்கைப் பாதி காலியாக வைத்து மாதக்கணக்கில் நிறுத்துவது பம்பையும் ஃபில்டரையும் கெடுக்கும்.

கிளட்ச், கியர்

நான்காவது கியரில் மெதுவாகச் சென்று சட்டென்று அழுத்தும்போது ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் முடிந்தது. இரண்டாவது கியர் கரகரவென்று விழுவது, கியர்களின் வேகத்தைச் சமன்செய்யும் சின்க்ரோ தேய்ந்ததால். சிட்டியில் அதற்குரிய மெல்லிய கியர் ஆயிலை மாற்றிப் பார்த்த பிறகே பெட்டியை இறக்க வேண்டும். கனமான ஆயில் நிலையை மோசமாக்கும்.

நடுக்கம், தட்டல், ஒருபக்கம் இழுத்தல்

மணிக்கு 80க்கும் 100க்கும் இடையில் மட்டும் ஸ்டீரிங் நடுங்கினால் வீல் பேலன்ஸ். பிரேக் அழுத்தும்போது மட்டும் என்றால் டிஸ்க். பள்ளத்தில் ‘டொக்’ என்றால் லிங்க் ராட் அல்லது லோயர் ஆர்ம் புஷ். ஒருபக்கம் இழுக்கிறது என்பதை மட்டும் ஆனி, ஆடி மாதங்களில் மதுக்கரை, வாளையார் சாலையில் வைத்து முடிவுசெய்யக் கூடாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எந்தக் காரையும் தள்ளும். காற்றில்லாத காலையில், வேறு சாலையில் பார்க்க வேண்டும்.

உயரம் குறைத்த காரில் ஸ்பிரிங்கை வெட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பது கட்டாயம். சக்கரத்தைத் தூக்கும்போது ஸ்பிரிங் தன் இருக்கையில் தளர்ந்து சுழன்றால் வெட்டப்பட்டிருக்கிறது. அலைன்மென்ட் எத்தனை முறை செய்தாலும் நிற்காது. டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்களையும் படிக்க வேண்டும். 3117 என்றால் 2017ஆம் ஆண்டின் 31ஆவது வாரம். குறைவாக ஓடும் கார்களில் டயரின் பட்டன் (தரையைத் தொடும் வரிகள்) தேயாமலே ரப்பர் இறுகிவிடுகிறது. அத்தகைய டயரோடு திம்பத்தின் 27 வளைவுகளையோ கொல்லிமலையின் 70 வளைவுகளையோ ஈரச் சாலையில் இறங்குவது சரியன்று.

ஆர்சியில் உள்ளதும் காரில் உள்ளதும் பொருந்தவில்லை

15 ஆண்டு கடந்த காரின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்; அப்போது வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் இன்ஜின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் பார்ப்பார்கள். இன்ஜின் மாற்றப்பட்டு ஆர்சியில் ஏற்றப்படாத கார், எவ்வளவு நன்றாக ஓடினாலும் அங்கே நின்றுவிடும். வாகனத்தின் அடிப்படை அமைப்பைத் தயாரிப்பாளர் விவரத்துக்கு மாறாக மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே டார்ச்சோடு பானட்டைத் திறந்து, இரண்டு எண்களையும் எழுத்து எழுத்தாக ஆர்சியோடு ஒப்பிட்டுவிட வேண்டும்.